பத்து ஷில்லிங் போட்டால் வரும் பெயர்

அன்று காலைத் தேநீரில் இஞ்சி சற்றுத் தூக்கலாக இருந்தது. அதைச் சொன்னேன்.

“மூக்கடைப்புக்கு நல்லது. பேசாம குடிங்க வாத்தியாரே,” என்றாள் என் மனைவி லிடியா. வீட்டிலும் அவள் என்னை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் மட்டும் நான் ‘பெவர்லி அப்பா’ ஆவேன். அரைக் கோப்பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் பள்ளிக்குக் கிளம்பினேன். பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. மாலையில் நான் திரும்பி வந்தபோதும் மீதித் தேநீர் அங்கேயே இருந்தது, மேலே ஆடை கட்டி.

இன்ஸ்பெக்டர் மேடம், நமாவே சந்தியில் மாவு மில்காரர் கொல்லப்பட்ட வழக்கில் நான் பதினேழாவது சாட்சி. நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: அந்தப் பதிவை எத்தனை மணிக்குப் போட்டீர்கள். காலை ஆறு ஐம்பதுக்கு. அதற்கு ஒரு வரி போதும். ஆனால் நான்கு வெள்ளைத்தாள் கொடுத்து, “உங்க மனைவியை இழந்தவர் நீங்க. அவசரமில்ல, வீட்டுல உக்காந்து பொறுமையா எழுதுங்க,” என்றீர்கள். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளிடம் விடையை முழுமையாக எழுதச் சொன்னவன், தாளைக் காலியாகத் திருப்பித் தர முடியாது. பின்பக்கமும் எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும்.

என் பெயர் எனோஸ் மகோகா. கிடாலேயில் மேல்நிலைப்பள்ளிப் புவியியல் ஆசிரியர். எட்டு வருடமாக வேறொரு வேலையும் செய்துவந்தேன். அதற்குச் சம்பளம் கிடையாது. கைபேசியிலும் இணையத்திலும் ஏமாற்றுகிறவர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு குழுவை நானும் ஃபிலோமினா என்ற பெண்மணியும் நடத்தினோம். அவர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முடி பின்னும் கடை வைத்திருக்கிறார். குழுவில் பத்தொன்பது பேர். யாருடைய பூட்டையும் நாங்கள் உடைத்ததில்லை. எல்லோருக்கும் திறந்து கிடப்பதை மட்டும் பார்ப்போம்: படங்கள், பின்னணியில் தெரியும் மலை, நிழல் விழும் பக்கம், கடைப்பலகை, கூரையின் நிறம். ஒரு புகைப்படத்தைக் காட்டினால் அது எங்கே நின்று எடுத்தது என்று என்னால் பெரும்பாலும் சொல்லிவிட முடியும். எல்கன் மலையின் விளிம்பு ஊருக்கு ஊர் வேறு மாதிரித் தெரியும். அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

நம் நாட்டில் எல்லோரும் செய்கிற ஒரு காரியம் உங்களுக்கும் தெரியும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், அந்த எண்ணுக்குப் பத்து ஷில்லிங் அனுப்புவது போலக் கைபேசியில் போடுவோம். இன்னாருக்குத்தான் அனுப்புகிறீர்களா என்று திரை கேட்கும், பெயர் தெரிந்துவிடும். வேண்டாம் என்று அழுத்திவிடுவோம். பணம் போகாது. பெண் கேட்டுப் பேசுகிற பையன் சொந்தப் பெயரைத்தான் சொல்கிறானா என்பதைக்கூட இப்படித்தான் பார்க்கிறார்கள்.

அந்தப் பெயரை நம்பக் கூடாது என்பது நாங்கள் தேவாலயக் கூடங்களில் பெண்களுக்கு எடுக்கும் முதல் பாடம். பாடத்துக்காக ஃபிலோமினா ஒரு சிறு நாடகம் போடுவார். சந்தையில் குடை விரித்து சிம் கார்டு விற்கிறவனாக நடிப்பார்.

“அடையாள அட்டையைக் குடுங்க மம்மா. படம் எடுத்துக்கறேன். ஐயோ, வெயில்ல பளபளன்னு அடிக்குது, எழுத்தே தெரியல. இன்னொண்ணு எடுக்கறேன். இப்ப மூஞ்சியைக் காட்டுங்க. என்ன மம்மா, புருஷனைப் பாக்கற மாதிரி மொறைக்கறீங்க? சிரிங்க. அட, கண்ணை மூடிட்டீங்களே. இன்னொரு தடவை.”

கூடமே சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் நான் எழுந்து சொல்வேன்: முதல் படம் உங்கள் சிம்முக்கு. இரண்டாவது படத்தில் உங்கள் பெயரிலேயே இன்னொரு சிம் பதிவாகி, உங்களுக்குத் தெரியாத ஒருவன் கைக்குப் போகிறது. அவன் எங்கோ உட்கார்ந்து யாரையோ ஏமாற்றுவான். பத்து ஷில்லிங் போட்டுப் பார்த்தால் உங்கள் பெயர் வரும். பெயர் ஆள் ஆகாது. கரும்பலகையில் இதை எழுதிப் பெண்களைத் திருப்பிச் சொல்லவும் வைப்பேன். இருநூறு கூட்டங்களாவது நடத்தியிருப்பேன்.

ஆகவே எனக்குத் தெரியாமல் நடந்தது என்று யாரும் எனக்காக வாதாட வேண்டாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து நாற்பத்திரண்டுக்கு லிடியாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. அவள் வீட்டில் பின்னல் இயந்திரத்தில் பள்ளி ஸ்வெட்டர்கள் பின்னிக் கொடுப்பாள். பேசியவன் தன்னை டாக்டர் என்று சொன்னான். உங்கள் மகள் பெவர்லி விடுதிக் கட்டிலின் மேல்தட்டிலிருந்து விழுந்து தலையில் அடி, உடனே அறுவை செய்ய வேண்டும், மருந்துக்குப் பணம் அனுப்புங்கள் என்றான். நான்கு நிமிடம் பேசினான். பக்கத்து வீட்டுப் பெண் அப்போது அங்கே இருந்ததால் இவ்வளவும் தெரியும். லிடியா கைபேசியில் இருந்ததையெல்லாம் அனுப்பினாள். பிறகு எனக்குப் பதினோரு முறை அழைத்தாள். வகுப்பு நேரத்தில் ஆசிரியர்களின் கைபேசிகள் ஓய்வறை இழுப்பறையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் பள்ளி விதி. நல்ல விதி. நானே முன்மொழிந்தது.

அவள் ஒரு பைக் டாக்சியில் ஏறி, அவன் சொன்ன வெபுயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். மழை. பாலத்துக்கு முந்தைய வளைவில் சோளம் ஏற்றிய லாரி. பைக் ஓட்டிய ஹெஸ்பன் என்கிற இருபத்து நான்கு வயதுப் பிள்ளையும் அவளும் அங்கேயே போய்விட்டார்கள். அந்த நேரத்தில் பெவர்லி தன் பள்ளி வேதியியல் கூடத்தில் உப்புக் கரைசல் செய்துகொண்டிருந்தாள். தலையில் கீறல்கூட இல்லை.

பிணவறை வராந்தாவில் லிடியாவின் கைபேசியை என்னிடம் கொடுத்தார்கள். திரை உடைந்திருந்தது, வேலை செய்தது. அந்த எண்ணுக்குப் பத்து ஷில்லிங் போட்டேன். ஜப்லோன் வஃபூலா என்று வந்தது. வேண்டாம் என்று அழுத்தினேன். மாலை ஐந்தே கால் மணி.

எங்கள் வேலையில் ஓர் ஒழுங்கு உண்டு. யார் பேசினான் என்று தேடுமுன், அவனுக்கு இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று தேட வேண்டும். பேசியவனுக்கு மகள் பெயர் தெரிந்திருக்கிறது, பள்ளி தெரிந்திருக்கிறது, விடுதி என்று தெரிந்திருக்கிறது, அம்மாவின் எண் தெரிந்திருக்கிறது. இந்த நான்கும் ஒரே இடத்தில் எங்கே கிடக்கின்றன? தேடினேன். பதினான்கு விநாடியில் கிடைத்தது.

ஜனவரியில் பெவர்லி விடுதிப் பள்ளியில் சேர்ந்தபோது, வழியனுப்ப நினைக்கும் உறவும் நட்பும் தங்களால் முடிந்த பணத்தை அனுப்பட்டும் என்று நான் ஒரு வாழ்த்துப் படம் செய்து என் இணையப் பக்கத்தில் போட்டிருந்தேன். எல்லாத் தகப்பன்களும் செய்வதுதான். புதுச் சீருடையில், தகரப் பெட்டி மேல் கை வைத்துப் பெவர்லி நிற்பாள். கீழே பள்ளியின் பெயர், விடுதியின் பெயர், தாயார் லிடியா, எண்.

“என் நம்பரை எதுக்கு ஊரெல்லாம் தண்டோரா போடறீங்க?” என்று அப்போது கேட்டாள். “இதெல்லாம் போடாதேன்னு பாடம் நடத்தறவரு நீங்கதானே, பெவர்லி அப்பா?”

“உன் போன்தான் எப்பவும் கையில இருக்கும். நான் க்ளாஸ்ல இருப்பேன்,” என்றேன்.

அந்தப் படத்தை வராந்தாவில் நின்றபடியே நீக்கினேன். துக்கத்தில் இருப்பவன் படங்களை நீக்குவது இயல்பு என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். குழுவில் இதைச் சொல்லவில்லை. ஃபிலோமினாவிடமும் சொல்லவில்லை. தேடலுக்கு அது அவசியமான தகவலாக எனக்குப் படவில்லை.

பதினோராம் நாள் அடக்கம். கூட்டம் நிறைய. பைக் ஓட்டுகிறவர்கள் எழுபது எண்பது பேர் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு சவப்பெட்டிக்கு முன்னால் போனார்கள், லிடியாவுக்காகவும் அன்று காலை அடக்கமான ஹெஸ்பனுக்காகவும். அவர்களுடைய சங்கத் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க பையனும் உங்க வீட்டம்மாவும் ஒரே பைக்ல போனாங்க வாத்தியாரே. இனிமே நீங்க எங்க ஆளு. அவன் யாருன்னு மட்டும் கண்டுபுடிங்க. மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்,” என்றார். அன்றே தங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் இருந்த குழு. மிச்சம் என்று அவர் சொன்னது என்ன என்பதை நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாத அளவுக்கு நான் இந்த மாவட்டத்தில் வாழ்ந்திருக்கிறேன்.

ஜப்லோன் வஃபூலா என்ற பெயரில் எங்கள் பகுதியில் ஒன்பது பேர் இணையத்தில் இருந்தார்கள். ஒருவர் போதகர், இருவர் மாணவர்கள், ஒருவர் மொம்பாசாவில் இருக்கிறார். இப்படிக் கழித்துக்கொண்டே வந்ததில் ஒருவர் நின்றார். நாற்பத்தாறு வயது, மாவு மில். தன் பக்கத்தில் அவர் எழுதியது குறைவு. சோளம் எந்த ஈரத்தில் அரைத்தால் உகாலிக் களி நன்றாக வரும், மில் மாலை எத்தனை மணிவரை ஓடும் என்பது போன்ற விஷயங்கள். ஒரே ஒரு படம்: புதிதாக வாங்கிய டீசல் இயந்திரத்தின் மேல் முழங்கையை ஊன்றி, புருவமெல்லாம் மாவுடன், கல்யாண மாப்பிள்ளை போல நின்றுகொண்டிருந்தார். ஊர் பெயர் போடவில்லை.

பின்னால் ஒற்றைக் கதவு வைத்த கொட்டகை, ஒரு தண்ணீர்த் தொட்டி, நீலக் கூரை போட்ட தேவாலயம், அதற்கும் பின்னால் எல்கன் மலை. மலையின் இரண்டு மேடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே மேடாகத் தெரியும் கோணம் அது. அந்தக் கோணம் கிடைக்கிற சாலை ஒன்றே ஒன்று. தொட்டியின் நிழலை அளந்து, வானிலிருந்து எடுத்த படங்களில் நீலக் கூரையைத் தேடினேன். மூன்று சனிக்கிழமைகள் ஆயின. நமாவே சந்தி. உங்கள் அறிக்கையில் மில்லுக்கும் தேவாலயத்துக்கும் நாற்பது மீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். அது தவறு. அறுபத்திரண்டு மீட்டர்.

அந்த மூன்று வாரமும் எனக்கு உறக்கம் நன்றாக வந்தது. இதையும் எழுதிவிடுகிறேன்.

குழுவில் இன்னொரு விதி இருந்தது. இருவர் நேரில் போய்ப் பார்த்து, இருவரும் சரி என்று சொன்னால்தான் ஒரு பெயரை வெளியே விடுவோம். விதியைப் போட்டவர் ஃபிலோமினா. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது அவரிடம் சொன்னேன், இடம் கிடைத்துவிட்டது என்று.

“புதன்கிழமை எனக்குக் கடை லீவு. ரெண்டு பேரும் போய் ஒரு டின் சோளம் அரைச்சுட்டு வரலாம்,” என்றார். “ஆள் எப்படிப் பேசறான்னு பாப்போம். அவசரப்படாதீங்க வாத்தியாரே. மாவு அரைக்கறவனுக்கு டாக்டர் மாதிரிப் பேச வருமா என்னன்னும் பாக்கணும்ல.”

சரி என்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை, லிடியா போய் முப்பத்து நான்காம் நாள், காலை வழிபாட்டுக்கு மணி அடிக்குமுன் பதிவைப் போட்டேன். மூன்று இடங்களில். முதலாவது என் சொந்தப் பக்கம். இரண்டாவது கிடாலே பெற்றோர் குழு. மூன்றாவது பைக் ஓட்டுகிறவர்கள் குழு.

பதிவு உங்களிடம் இருக்கிறது. முழுதாகத் திருப்பி எழுதவில்லை. பெயர், படம், மில் இருக்கும் இடம். கடைசி மூன்று வரிகளைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்காததால் நானே சொல்கிறேன். ‘மாலை நான்கு வரை மில்லில் இருப்பார். இயந்திரம் ஓடும்போது வெளிச் சத்தம் உள்ளே கேட்காது. கொட்டகைக்கு முன்பக்கம் ஒரே ஒரு கதவு.’ இடத்தைச் சொல்வதென்றால் முழுமையாகச் சொல்ல வேண்டும். பாதியில் விட்ட வரைபடத்துக்கு நான் மதிப்பெண் கொடுத்ததில்லை.

ஃபிலோமினா பதிவைப் பார்த்தது பத்து மணிக்கு மேல். ஒரு பெண்ணுக்குப் பாதித் தலை பின்னியிருந்தார். மீதிப் பாதியை அப்படியே விட்டு, “உக்காந்திரு, வந்துடறேன்,” என்று சொல்லிவிட்டு நமாவேவுக்குப் போனார். அந்தப் பெண் மாலைவரை அரைத் தலையோடு உட்கார்ந்திருந்தாளாம். பன்னிரண்டு பத்துக்கு எனக்குக் குரல் பதிவு வந்தது. பின்னால் மில் ஓடும் சத்தம். ஃபிலோமினா கத்திப் பேசினார்:

“வாத்தியாரே, இது அவரு இல்ல. கேக்குதா? அவரு இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி குடைக்காரன்கிட்ட சிம் வாங்கியிருக்காரு. அட்டையை மூணு தடவை படம் புடிச்சிருக்கான். தன் பேர்ல தெரியாத லைன் ஓடுதுன்னு அப்பவே போலீஸ்ல எழுதிக் குடுத்து, சீல் வெச்ச சீட்டை மாவுப் பசை போட்டுச் செவுத்துல ஒட்டி வெச்சிருக்காரு. நானே படிச்சேன். அதுல இருக்கற நம்பர் நம்ம நம்பர்தான். மனுஷன் திக்கித் திக்கிப் பேசறாரு, நாலு நிமிஷத்துல நாலு வார்த்தை வராது. போஸ்ட்டை எடுங்க. இப்பவே எடுங்க.”

அன்று என் கைபேசி இழுப்பறையில் இல்லை. சட்டைப் பையில் இருந்தது. எட்டு வருடத்தில் அந்த விதியை நான் மீறிய ஒரே நாள். குரல் பதிவை முழுதாகக் கேட்டேன். நான் கேட்டதற்கு அடையாளமாக அவர் பக்கம் நீலக்குறி விழுந்திருக்கும். பிறகு இரண்டாம் ஆண்டு வகுப்புக்குப் போய் சம உயரக்கோடுகள் பற்றி நடத்தினேன். கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து.

ஒன்று முப்பத்தைந்துக்கு ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு. எனக்கு அப்போது வகுப்பில்லை. விளையாட்டுத் திடலோர ஜகரண்டா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன்.

“வா... வாத்தியாரே. நான் ஜப்லோன். மா... மாவு மில்லு. முடி பின்ற அம்மாதான் உங்க நம்பரைக் குடுத்தாங்க.”

சொல்லுங்கள் என்றேன்.

“உங்க வீட்டம்மா விஷயம் கேட்டேன். ரொம்ப வருத்தமா இருக்குது. நா... நான் இல்லீங்க அது. எனக்கு மகள் இருக்கா, மூணு பேரு. நீங்க ஒரு வரி எழுதினாப் போதும். அவன் இல்லன்னு. நீங்க எழுதினா நம்புவாங்க. காலையில இருந்து பைக்காரங்க ரெண்டு ரெண்டு பேரா வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாங்க. மில்லை மூடிட்டு மச்சான் ஊருக்குப் போயிடலாமான்னு பாக்கறேன். ஆனா ஒரு அம்மா ரெண்டு டின் சோளம் வெச்சிட்டுப் போயிருக்கு. நீங்க என்ன சொல்றீங்க?”

மேடம், அவர் என்னிடம் ஆலோசனை கேட்டார். ஆசிரியன் என்பதால் கேட்டார்.

“இப்ப கிளம்பாதீங்க,” என்றேன். “ஓடினா தப்பு செஞ்சவன்னு நெனைப்பாங்க. மில்லை ஓட்டிக்கிட்டு எப்பவும் போல உள்ளேயே இருங்க. நாலு மணிக்கு ஸ்கூல் விட்டதும் எழுதிடறேன்.”

“சரிங்க வாத்தியாரே. நாலு மணி. ந... நன்றிங்க. கடவுள் உங்களை நல்லா வெப்பாரு.”

அழைப்பு முடிந்ததும் பழக்கதோஷத்தில் அந்தப் புது எண்ணுக்கும் பத்து ஷில்லிங் போட்டுப் பார்த்தேன். ஜப்லோன் வஃபூலா. இரண்டு எண்கள், ஒரே பெயர். கூட்டங்களில் நான் கரும்பலகையில் வரைந்து காட்டும் அதே உதாரணம்; ஓர் எண் ஆளுடையது, இன்னொன்று திருடனுடையது. வேண்டாம் என்று அழுத்தினேன். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு மரத்தடியிலேயே சிறிது நேரம் நின்றேன். பதிவை நீக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று பின்னொரு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். மூன்று இடத்துக்கும் சேர்த்து இருபத்தேழு விநாடி.

அவருடைய பாதுகாப்புக்காகத்தான் உள்ளே இருக்கச் சொன்னேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையல்ல. அவர் அங்கிருந்து போய்விடுவார், போனபிறகு நான் எழுதியதில் ஆள் இருக்கமாட்டார், அப்போது திரும்ப அந்த வராந்தாவுக்கு வந்து, பதினான்கு விநாடியில் கிடைத்த அந்தப் படத்தை நான் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். இவ்வளவு தெளிவாக அப்போது நினைத்தேனா என்று கேட்டால், ஆமாம். தெளிவாகத்தான் நினைத்தேன்.

மூன்றே கால் மணிக்கு வந்தார்கள். மற்ற சாட்சிகள் பதினாறு பேரும் அதைச் சொல்லியிருக்கிறார்கள், நான் பார்க்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்டிருக்காது. ஒரே கதவு. சுவரில் ஒட்டியிருந்த சீட்டை அவர் கையால் காட்டிக்கொண்டே இருந்தார் என்றும், பேச்சு வராமல் வாய் மட்டும் அசைந்தது என்றும், திருடன் பொய் சொல்ல வார்த்தை தேடுகிறான் என்று யாரோ கத்தியதாகவும் ஏழாவது சாட்சி சொல்லியிருக்கிறார். மூன்று நாற்பதுக்கு எல்லாம் முடிந்தது. யாரும் இயந்திரத்தை நிறுத்தவில்லை. டீசல் தீரும்வரை ஓடியிருக்கிறது. அந்த அம்மாவின் இரண்டு டின் சோளமும் அரைபட்டிருந்தது.

ஃபிலோமினா அப்போது உங்கள் நிலைய வாசலில் ஆள் அனுப்பச் சொல்லி நின்றுகொண்டிருந்தார். ஜீப்பில் பெட்ரோல் இல்லை என்றார்களாம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. ஜீப் வந்திருந்தாலும் நமாவே சாலையில் நாற்பது நிமிடம் ஆகும்.

நான்கு மணிக்குப் பள்ளி விட்டது. சொன்னபடி பதிவை எடுத்தேன். ஒரு வரியும் எழுதினேன்: ‘தகவல் மறுபரிசீலனையில் உள்ளது.’ நேரத்தைப் பார்த்தால் நான்கு இரண்டு என்று இருக்கும்.

அன்று மாலை ஆறு மணிக்கு, லிடியாவை அழைத்த அதே எண்ணிலிருந்து புங்கோமாவில் ஒரு தாய்க்கு அழைப்பு போயிருக்கிறது. மகன் பேருந்து விபத்தில் சிக்கியதாக. அதே டாக்டர், அதே நான்கு நிமிடம். மூன்று வாரம் கழித்து எங்கள் குழுவிலிருந்து ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னார். நல்லவேளை, அந்தத் தாய் முதலில் பத்து ஷில்லிங் போட்டுப் பார்த்திருக்கிறாள். வந்தது, அன்று மாலை புங்கோமாவரைக்கும் எல்லோர் வாயிலும் இருந்த பெயர். செத்தவன் பேசுகிறான் என்று கைபேசியைத் தூக்கி எறிந்திருக்கிறாள். பேசியவன் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. தெரியப்போவதும் இல்லை. என் அனுபவத்தில் இப்படிப்பட்ட தேடல்கள் நூற்றில் மூன்றுதான் ஆளிடம் போய் முடிகின்றன.

ஜப்லோன் அடக்கத்துக்கு நான் போனேன். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. என் இணையப் பக்கத்தில் என் முகம் இருக்காது, பாதுகாப்புக்காக. மூன்று பெண் பிள்ளைகள். கடைசிப் பெண்ணுக்கும் தகப்பனைப் போலவே திக்குவாய். நன்றியுரையில் ‘வந்தவங்க எல்லாருக்கும்’ என்ற சொல்லைத் தாண்ட அவளுக்கு வெகு நேரம் ஆயிற்று. எல்லோரும் காத்திருந்தோம்.

ஃபிலோமினா குழுவை விட்டுப் போய்விட்டார். ஒருநாள் சந்தையில் எதிரே வந்தார். “நீலக்குறி விழுந்துச்சு வாத்தியாரே,” என்றார். “நான் யாருகிட்டயும் சொல்லல. நீங்களே சொல்வீங்கன்னு பாக்கறேன்.” அவ்வளவுதான், தக்காளி வாங்கப் போய்விட்டார். அவர் சொன்னதற்காக இதை நான் எழுதவில்லை. பதினொரு பிள்ளைகள் கூண்டில் நிற்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் என்னிடம் படித்தவர்கள். சாலை எங்கே, கதவு எங்கே, ஆள் எத்தனை மணிவரை இருப்பார் என்று அவர்களாகக் கண்டுபிடிக்கும் திறமை அவர்களுக்குக் கிடையாது. வரைபடப் பாடத்தில் நால்வரும் மிக மோசம். அதை நீதிமன்றம் அறிய வேண்டும். ஜப்லோன் நிரபராதி என்று தெரிந்த பிறகு, மூன்று மணி நேரம் ஐந்து நிமிடம், அவரைக் கதவுக்குள் உட்காரவைத்தவன் நான். என் பெயரைச் சாட்சிப் பட்டியலிலிருந்து எடுத்துப் பன்னிரண்டாவதாகச் சேர்க்க வேண்டும்.

பெவர்லி இப்போது லிடியாவின் தங்கை வீட்டிலிருந்து படிக்கிறாள். அம்மாவைக் கொன்றவனை அப்பா கண்டுபிடித்தார் என்று பள்ளிக் கட்டுரையில் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறாள். விடுமுறைக்கு வந்தபோது, “அப்பா, அவன்தானே?” என்று கேட்டாள். தட்டைக் கழுவிக்கொண்டே, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“பேரு அவருதுதான்,” என்றேன்.

தலையாட்டிவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள்.

நான் அவளிடம் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். தினமும் பள்ளிக்குக் கிளம்புமுன், தேநீர் ஆறும் நேரத்தில், லிடியாவை அழைத்த அந்த எண்ணுக்குப் பத்து ஷில்லிங் போட்டுப் பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். ஜப்லோன் வஃபூலா என்றுதான் வருகிறது. வேண்டாம் என்று அழுத்துகிறேன். என் பதிவில் வேறு எது எப்படியிருந்தாலும், பெயரில் பிழை இல்லை.